செல் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருள்

ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் நான் செய்த உருப்படியான ஒரே சோதனை, தவறுதலாகச் செய்தது.

எனக்குக் கொடுத்திருந்தவை எம்.டி.சி.கே என்ற செல்கள். 1958இல் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. அந்த நாய் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அதன் செல்கள் மட்டும் இன்னும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பிளாஸ்டிக் குடுவைகளுக்குள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடு பதித்த தரை மாதிரி தெரியும். ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு இடுக்கில்லாமல் ஒட்டிக்கொண்டு, ஓரங்கள் பளிச்சென்று இருக்கும்.

இவற்றுக்கு டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சொட்டுக்கும் குறைவான அளவில் ஒரு வாரம் கொடுத்தால் ஓடுகள் பெயர்ந்துவிடும். செல்கள் நீண்டு, இரண்டு முனையும் கூராகி, நூற்கும் கதிரைப் போல ஆகும். ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தனித்தனியே நகரத் தொடங்கும். டி.ஜி.எஃப்-பீட்டாவை நிறுத்தினால் சில நாட்களில் பழையபடி ஓடு பதித்த தரை. புற்றுநோய் பரவுவதன் முதல் படியைக் கண்ணால் பார்க்க ஆய்வகங்களில் வைத்திருக்கும் எளிய மாதிரி இது.

இரண்டு குடுவைகள். ஒன்றில் கூட்டல் குறி, இன்னொன்றில் கழித்தல் குறி, மார்க்கர் பேனாவில் போட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து, குறி அழிந்துபோய், ஒரு வாரத்தில் நிறுத்தியிருக்க வேண்டிய குடுவைக்கு நான் நான்கு வாரம் டி.ஜி.எஃப்-பீட்டா ஊற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்தபோது வழிகாட்டி ஒன்றும் திட்டவில்லை, "தூக்கிப் போட்டுடு" என்றார். அது திட்டுவதைவிட மோசம். வீம்புக்காக நான் அதைப் போடாமல் வெறும் மீடியத்துக்கு, அதாவது செல் வளர்க்கும் சத்துத் திரவத்துக்கு மட்டும், மாற்றி இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் ஓரமாக வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அங்கங்கே சின்னச் சின்னத் தீவுகளாகச் சில ஓடுகள். மற்றபடி குடுவை முழுக்கக் கதிர்கள்தான். அவற்றை நீள வைத்த புரதம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் அவை நீண்டே இருந்தன.

எங்கே போயிற்று அந்தச் சிக்னல்? போகவில்லை என்றால் எங்கே ஒளிந்திருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு மறுபடி வந்தது பல வருடம் கழித்து, ஆய்வகத்துக்கே சம்பந்தமில்லாத ஓர் அறையில். சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் முடிந்து ஒன்பது வருடம். முதுகு வலிக்கிறது என்று போனவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் செகண்டரி, அதாவது புற்று அங்கே பரவியிருக்கிறது, என்றார்கள். சித்தி அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, ஒன்பது வருஷம் அது எங்கடா இருந்துச்சு?"

அறிவியல் படித்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்கிறார். நான் ஏதோ உளறினேன். அன்றைக்குச் சொல்லத் தெரியாததைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், ஒரு செல் ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கட்டியை விட்டு விடுபட வேண்டும், ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே போக வேண்டும், ஓட்டத்தின் வேகத்திலும் நோயெதிர்ப்புச் செல்களிடமும் தப்ப வேண்டும், வேறொரு உறுப்பில் வெளியேற வேண்டும், அங்கே பிழைக்க வேண்டும், அப்புறம் பெருக வேண்டும். 1970இல் ஐசயா ஃபிட்லர் கதிரியக்க அடையாளம் போட்ட மெலனோமா என்ற தோல் புற்றுச் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திக் கணக்குப் பார்த்தார். 24 மணி நேரம் கழித்து உயிரோடிருந்தவை 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கும் முன்பே, 1889இல், லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி, இது எங்கு வேண்டுமானாலும் போய் விழுவதில்லை, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்று எழுதியிருந்தார். சில உறுப்புகளில் திரும்பத் திரும்ப, சில உறுப்புகளில் அபூர்வமாக. ரத்தம் எல்லா இடத்துக்கும்தான் போகிறது.

இவ்வளவு பிழைத்து வரும் செல்லிடம் ஏதோ விசேஷமான ஜீன் மாற்றம் இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கட்டி உருவாவதற்கு அப்படிப்பட்ட மாற்றங்கள் காரணம், அதில் சந்தேகமில்லை. அதே தர்க்கத்தில் பரவலுக்கும் ஒரு மாற்றம். ஜீன்களை வரிசைப்படுத்திப் படிக்கும் கருவிகள் மலிவானதும் எல்லோரும் அதைத்தான் தேடினார்கள். 2010இல் கணையப் புற்றுநோயில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. இறந்தவர்களின் உடலை உடனடியாகப் பரிசோதித்து, மூலக் கட்டியையும் பரவிய கட்டிகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். முதல் ஜீன் மாற்றத்திலிருந்து முழுமையான புற்றுச் செல் பிறக்கப் பத்து வருடத்துக்கு மேல், அது பரவும் திறன் பெற இன்னும் ஐந்து வருடமாவது ஆகிறது என்ற கணக்கு அதில்தான் கிடைத்தது. ஆனால் பரவலுக்கென்றே தனியாக, நோயாளிக்கு நோயாளி திரும்பத் திரும்ப வரும் ஒரு ஜீன் மாற்றம்? அது கிடைக்கவில்லை. மற்றப் புற்றுநோய்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

எழுத்து அதேதான் என்றால் வாசிப்பு மாறியிருக்க வேண்டும்.

எழுத்து மாறாமல் வாசிப்பு மட்டும் மாறுவதைப் பற்றிய துறை எபிஜெனெடிக்ஸ். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதை விளக்குவது சுலபம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நம்மிடம் புள்ளி இருக்கிறது. க என்று எழுதித் தலையில் ஒரு புள்ளி வைத்தால் க். எழுத்தின் உருவம் மாறவில்லை, உள்ளே இருந்த உயிர் மட்டும் போய்விடுகிறது. டி.என்.ஏவிலும் இதுவே நடக்கிறது. சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் மெத்தில் என்ற ஒரு சின்னக் கொத்து, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது, வந்து உட்காரும். ஒரு ஜீனின் தொடக்கத்தில் இந்தப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் அந்த ஜீன் ஊமையாகிவிடும். எழுத்துகள் ஒன்றுகூட மாறியிருக்காது.

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். படிப்பவர்தான் இடம் பார்த்து, இங்கே புள்ளி உண்டு, இங்கே இல்லை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். புற்றுச் செல்லின் டி.என்.ஏ கொஞ்சம் அப்படித்தான். 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் புற்றுச் செல்களில் பல ஜீன்கள் தம் புள்ளிகளை இழந்திருப்பதைக் காட்டினார்கள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிற்பாடு, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதும் தெரியவந்தது. 'நில்' என்று எழுதியிருந்ததில் புள்ளி போய்விட்டால் 'நில' என்றுதான் படிப்போம், நிற்க மாட்டோம்.

புள்ளி மட்டும் அல்ல. ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் டி.என்.ஏ இருக்கிறது. அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டு போலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டைக்கு 147 எழுத்து ஜோடிகள். ஹிஸ்டோனின் வாலில் அசிட்டைல் என்ற இன்னொரு சின்னக் கொத்து ஒட்டினால் சுற்று தளரும், ஜீனைப் படிக்கலாம். அதே வாலின் 27ஆம் இடத்தில் மூன்று மெத்தில் ஒட்டினால் சுற்று இறுகும், படிக்க முடியாது. அதை ஒட்டும் என்சைமின் பெயர் ஈ.இஸட்.ஹெச்2. 2002இல், பரவிய புராஸ்டேட் புற்றில் இந்த என்சைம், பரவாத கட்டியில் இருப்பதைவிட மிக அதிகம் என்று கண்டார்கள். மேல்மரபியல் என்று இந்தத் துறைக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பது என்ற அளவில் பொருத்தமான பெயர்தான்.

இந்த அடையாளங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது, இவை பிரதியாகின்றன என்பது. செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.எம்.டி1 என்ற என்சைம் பழைய இழையைப் பார்த்துப் பார்த்துப் புதிய இழையில் அதே இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டே போகும். தாய்ச் செல் ஊமையாக்கிய ஜீன் மகள் செல்லிலும் ஊமை. இதைத்தான் செல்லின் நினைவு என்கிறேன். நினைவு என்றால் மூளை வேண்டுமா என்ன?

சரி, என் குடுவைக்கு வருவோம்.

டி.ஜி.எஃப்-பீட்டா வெளியிலிருந்து வந்து செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி உள்பக்கமாக ஸ்மாட் என்ற புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டி அனுப்புகிறது. ஸ்மாட்கள் செல்லின் உட்கருவுக்குள் போய் ஸ்னெயில், ஸெப்1 போன்ற புரதங்களை உற்பத்தி செய்ய வைக்கின்றன. இவற்றின் இலக்கு, ஈ-கேட்ஹெரின் ஜீன். பக்கத்துச் செல்லோடு கைகோத்துக்கொள்ள உதவும் புரதம் அது. 1989இலேயே, இதே நாய்ச் சிறுநீரகச் செல்களில் ஈ-கேட்ஹெரினை ஆன்டிபாடி கொண்டு மறைத்தபோது செல்கள் பிரிந்து திசுவுக்குள் ஊடுருவியதைக் காட்டியிருக்கிறார்கள். ஓடுகளுக்கு நடுவே இருக்கும் சாந்து மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்னெயில் ஈ-கேட்ஹெரின் ஜீனின் வாசலில் போய் உட்கார்கிறது. ஆனால் தனியாக வருவதில்லை. முதலில் அசிட்டைலைப் பிய்க்கும் என்சைம்களைக் கூட்டிவருகிறது, சுற்று இறுகுகிறது. பிறகு மெத்தில் ஒட்டும் என்சைம்கள். கடைசியில் டி.என்.ஏவிலேயே புள்ளிகள். கதவைச் சாத்துவது, தாழ் போடுவது, பூட்டுவது, சாவியைக் கிணற்றில் போடுவது என்று ஒவ்வொரு படியாக நடக்கிறது. முதல் படியில் இருக்கும்போது சிக்னல் நின்றால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கடைசிப் படிக்குப் போய்விட்டால் சிக்னல் இருந்தால் என்ன, போனால் என்ன?

என் குடுவையில் நடந்ததற்கு ஏற்கெனவே பதில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதே எம்.டி.சி.கே செல்களில். ஸெப்1 என்ற புரதமும் மைக்ரோ ஆர்.என்.ஏ-200 என்ற, ஜீன்களை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏக்களின் குடும்பமும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டே இருக்கும் எதிரிகள். ஒன்று மேலே வந்தால் இன்னொன்று கீழே. கொஞ்ச நாள் டி.ஜி.எஃப்-பீட்டா கொடுத்தால் ஸெப் மேலே வரும், நிறுத்தினால் மைக்ரோ ஆர்.என்.ஏ-200 திரும்ப மேலே வரும். ரொம்ப நாள் கொடுத்தால் இரண்டு விஷயம் நடக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ-200 ஜீன்களின் மேல் மெத்தில் புள்ளிகள் விழுந்து அவை ஊமையாகின்றன. அதோடு, செல்லே தனக்கு வேண்டிய டி.ஜி.எஃப்-பீட்டாவைத் தயாரித்துத் தானே கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறது. நான் வெளியிலிருந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். உள்ளே பேச்சு நிற்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, குறி அழிந்த குடுவைக்கு ஒரு மரியாதை கிடைத்தது போலவும் இருந்தது.

எல்லாச் செல்லும் ஒரே சிக்னலுக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. இதே டி.ஜி.எஃப்-பீட்டா சாதாரணச் செல்லுக்கும் தொடக்க நிலைக் கட்டிக்கும் 'பெருகாதே' என்கிற கட்டளை. முற்றிய கட்டிக்கு அதுவே 'கிளம்பு' என்கிற கட்டளை. பல வருடம் இது ஒரு புதிராகவே பாடப்புத்தகங்களில் இருந்தது. சிக்னலில் புதிர் இல்லை, கேட்கும் செல் எந்தெந்த ஜீனைத் திறந்து வைத்திருக்கிறது என்பதில்தான் பாதிக் கதை. 2013இல் கிறிஸ்டின் சாஃபரும் ராபர்ட் வைன்பெர்கின் குழுவினரும் இதை அழகாகக் காட்டினார்கள். சில வகை மார்பகப் புற்றுச் செல்களில் ஸெப்1 ஜீனின் மேல் திறக்கும் அடையாளமும் மூடும் அடையாளமும் ஒரே நேரத்தில் இருந்தன. ஜீன் ஓடவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை, அரைக்கண் மூடிக் காத்துக்கொண்டிருந்தது. டி.ஜி.எஃப்-பீட்டா வந்ததும் மூடும் அடையாளம் உதிர்ந்து ஸெப்1 எழுந்துவிட்டது. வேறு வகைச் செல்களில் அதே ஜீனின் மேல் மூடும் அடையாளம் மட்டும். எவ்வளவு கத்தினாலும் எழவில்லை.

தமிழில் செல் என்றால் போ என்றும் பொருள். நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சிலேடை எத்தனையோ தடவை மனதில் வந்து போயிருக்கிறது. போ என்று யாரோ சொன்னதும் போகிற செல் வேறு, போ என்று தனக்குத்தானே சொல்லப் பழகிவிட்ட செல் வேறு.

அடையாளங்கள் சிக்னலைப் பதிந்து வைப்பதோடு நிற்பதில்லை. எந்தச் சிக்னல் காதில் விழ வேண்டும் என்பதையும் அவையே மாற்றுகின்றன. பேஜெட்டின் மண்ணுக்கு வேதியியல் முகவரி கிடைத்தது 2001இல். நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு ஆகியவை சி.எக்ஸ்.சி.எல்12 என்ற அழைப்புப் புரதத்தை அதிகம் சுரக்கின்றன. மார்பகப் புற்றுச் செல்களின் மேல் அதைக் கேட்கும் ஏற்பி, சி.எக்ஸ்.சி.ஆர்4, நிறைய இருக்கிறது. மார்பகப் புற்று பரவும் இடங்களின் பட்டியலும் இதுவேதான். அந்த ஏற்பி எப்படி வருகிறது என்பதற்குச் சிறுநீரகப் புற்றில் 2013இல் ஒரு பதில் கிடைத்தது. இந்தப் புற்றில் வி.எச்.எல் என்ற ஜீன் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். அதனால் ஆக்சிஜன் பற்றாக்குறையை அறிவிக்கும் எச்.ஐ.எஃப் சிக்னல் நிரந்தரமாக ஒலித்துக்கொண்டிருக்கும். ஆனால் அதே சிக்னல் ஒலிக்கும் எல்லாச் செல்லும் பரவுவதில்லை. பரவியவற்றில் சி.எக்ஸ்.சி.ஆர்4 ஜீனின் மேல் இருந்த மூடும் ஹிஸ்டோன் அடையாளம் உதிர்ந்திருந்தது. செல்லைச் சாகாமல் காக்கும் சைட்டிப் என்ற இன்னொரு ஜீனில் மெத்தில் புள்ளிகள் போயிருந்தன. ஜீன் மாற்றம் சிக்னலைக் கொடுத்தது, எபிஜெனெடிக் மாற்றம் அந்தச் சிக்னலுக்குப் புதிய கதவுகளைத் திறந்துவிட்டது. இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் கட்டுரைகளைப் பார்க்கும்போது இந்த ஆய்வைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கணையப் புற்றுக்கு 2017இல் வந்த விளக்கமும் இந்தத் திசைதான். மூலக் கட்டிக்குப் பக்கத்திலேயே வயிற்றறைக்குள் பரவியவற்றில் ஹிஸ்டோன் அடையாளங்கள் அப்படியே இருக்க, நுரையீரல், கல்லீரல் என்று தூரம் போனவற்றில் குரோமோசோம்களின் பெரும் பகுதிகளில் மூடும் அடையாளங்கள் குறைந்திருந்தன. அந்த நிலையைத் தாங்கிப் பிடித்திருந்தது சர்க்கரையை எரிக்கும் ஒரு குறிப்பிட்ட பாதை. அந்தப் பாதையை மருந்தால் அடைத்தபோது, ஆய்வகத் தட்டில், அடையாளங்கள் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பின. மெத்திலும் அசிட்டைலும் எங்கிருந்தோ வானத்திலிருந்து வருவதில்லை, செல் உண்பதிலிருந்துதான் வருகின்றன. அதனால் செல்லின் உணவும் ஒரு சிக்னலே.

இதைச் சொன்னதும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 2021இல் பார்சிலோனாவிலிருந்து ஒரு ஆய்வு: வாய்ப் புற்றுச் செல்களையும் மெலனோமா செல்களையும் பாமிடிக் அமிலம் என்ற கொழுப்புக்குக் கொஞ்ச நாள் பழக்கினால், அதை நிறுத்திய பிறகும் அந்தச் செல்கள் எலிகளில் அதிகம் பரவுகின்றன, ஹிஸ்டோன்களில் அந்த நினைவு தங்கிவிடுகிறது. அருமையான ஆய்வு. எலிகளில் செய்தது. அது வந்த வேகத்தில் 'இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் பரவும்' என்று எத்தனை ஃபார்வர்டுகள்! சித்திக்கும் வந்தது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நோயாளிக்கு அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

ரத்தத்தில் போகும் செல்களைப் பற்றிய ஆய்வுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. தனித்தனியாகப் போகும் புற்றுச் செல்களைவிட, இரண்டும் மூன்றும் பலவுமாகக் கொத்தாகப் போகும் செல்கள் பல மடங்கு ஆபத்தானவை. எலிகளில் 23 முதல் 50 மடங்கு என்று 2014இல் கணக்கிட்டார்கள். ஏன் என்று 2019இல் நிக்கோலா அசெட்டோவின் குழு பார்த்தது. கொத்தாக இருக்கும் செல்களில், கருச் செல்களை இளமையாக வைத்திருக்கும் ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் போன்ற புரதங்கள் அமரும் இடங்களில் மெத்தில் புள்ளிகள் இல்லை. கொத்தைப் பிரித்துத் தனியாக்கினால் அதே இடங்களில் புள்ளிகள் மறுபடி விழுகின்றன. அதாவது கைகோத்திருப்பதே ஒரு சிக்னல், அது டி.என்.ஏ வரை போய் எழுதப்படுகிறது. அவர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஆயிரக்கணக்கான மருந்துகளைச் சோதித்துக் கொத்துகளைப் பிரிக்கும் மருந்துகளைத் தேடினார்கள். கிடைத்தவற்றில் இதய நோய்க்குத் தரும் பழைய மருந்தான டிஜாக்சினின் குடும்பம் இருந்தது. 2025இல் அதை நோயாளிகளிடம் பார்த்தார்கள். 9 பெண்கள், பரவிய மார்பகப் புற்று. கொத்தின் அளவு சராசரியாக 2.2 செல்கள் குறைந்தது. ஒன்பதே பேர், இரண்டே செல். ஆயுள் நீண்டதா என்றெல்லாம் அந்தச் சோதனை கேட்கவே இல்லை. ஆனாலும் எலிக்குள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயம் மனித ரத்தத்திலும் நடந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இங்கே ஒரு முடிச்சு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டியை விட்டுக் கிளம்பக் கையை விட வேண்டும் என்றேன். ரத்தத்தில் பிழைக்கக் கைகோத்திருக்க வேண்டும் என்கிறேன். இரண்டும் சரிதான். முழுக்கக் கதிராகிவிட்ட செல்லைவிட, பாதி ஓடும் பாதிக் கதிருமாக இருக்கும் செல்தான் பிழைக்கக் கெட்டிக்காரச் செல் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். 2015இல் ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள், எலிகளில் ஓடு கதிராகும் இந்த உருமாற்றம் இல்லாமலேயே பரவல் நடப்பதாகவும், உருமாறிய செல்கள் முக்கியமாக மருந்துக்குத் தப்பிப்பதாகவும் சொன்னது பெரிய சண்டையானது. சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. என் பங்குக்கு, ஆய்வகக் குடுவையில் ஒரு வாரத்தில் நடக்கும் நாடகத்தை உடம்புக்குள் வருடக்கணக்கில் நடப்பதன் மேல் அப்படியே தூக்கி வைத்ததுதான் தவறு என்று நினைக்கிறேன்.

இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொண்டுதான் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். ஜீன் மாற்றத்தைத் திருத்த முடியாது, எபிஜெனெடிக் மாற்றத்தைத் திருப்பலாம், ஆகவே நம்பிக்கை இருக்கிறது: பிரபல அறிவியல் கட்டுரைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கின்றன. பொய்யில்லை. மெத்தில் புள்ளிகளை உதிர்க்கும் அசாசிட்டிடின் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, எலும்பு மஜ்ஜைக் கோளாறுகளில் உண்மையாகவே உயிர்களை நீட்டித்திருக்கிறது. ஈ.இஸட்.ஹெச்2-ஐத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட்டுக்கு 2020இல் சார்க்கோமா என்ற மென்திசுப் புற்றின் ஓர் அபூர்வ வகைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நுரையீரல், மார்பகம், குடல் போன்ற திடக் கட்டிகளில், பரவியபின், இந்த மருந்துகள் தனியாகப் பெரிதாகச் சாதிக்கவில்லை.

காரணம் யோசித்தால் தெரியும். புள்ளியை உதிர்க்கும் மருந்துக்கு எந்தப் புள்ளி என்று தெரியாது. ஈ-கேட்ஹெரின் மேல் இருக்கும் புள்ளியும் உதிரும், ஊடுருவலுக்கு உதவும் ஜீன்களின் மேல் நல்ல காரணத்தோடு இருந்த புள்ளியும் உதிரும். 2008இல் ஊடுருவாத மார்பகப் புற்றுச் செல்களுக்கு அசாசிட்டிடின் கொடுத்துப் பார்த்தபோது அவை ஊடுருவத் தொடங்கின. இன்னொன்று, திரும்புதல் என்பதே புற்றுக்கும் வேண்டியிருக்கிறது. 2012இல் எலிகளில் காட்டினார்கள்: ட்விஸ்ட் என்ற புரதத்தை ஓட வைத்தால் தோல் புற்றுச் செல்கள் கட்டியை விட்டுக் கிளம்பின. நுரையீரலில் போய் இறங்கிய பிறகும் ட்விஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே கட்டி வளரவில்லை. அதை நிறுத்தினால்தான் செல்கள் பழைய உருவத்துக்குத் திரும்பிப் பெருகின. கிளம்ப ஒரு நினைவு வேண்டும், குடியேற அதை மறக்க வேண்டும். கதிரை மறுபடி ஓடாக்கும் மருந்தை, செல்கள் ஏற்கெனவே எலும்புக்குப் போய்ச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்கு அந்த யோசனையே பயமாக இருக்கிறது.

ஆகவே, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. சித்தி கேட்டதும் அதுதான்.

ஒன்பது வருடம் எங்கே இருந்தது? பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில், கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, பிரியாமல், சாகாமல் இருந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றில் இது விதிவிலக்கே இல்லை. 2017இல் வெளிவந்த, 62,923 பெண்களைப் பற்றிய அலசலில், ஐந்து வருட மாத்திரை முடிந்த பிறகும் 20 வருடம் வரை நோய் ஒரே சீராகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்படித் தூங்கும் செல்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில் சில நூல்முனைகள் கிடைத்திருக்கின்றன. பெருகு என்று சொல்லும் ஈ.ஆர்.கே சிக்னல் தாழ்ந்தும், பொறு என்று சொல்லும் பி38 சிக்னல் உயர்ந்தும் இருக்கும். என்.ஆர்.2.எஃப்1 என்ற புரதம் நிறைய இருக்கும். அது ஹிஸ்டோன்களை இறுக்கிப் பெருகும் ஜீன்களைப் பொதுவாக அடக்கி வைக்கும். 2015இல் வந்த ஆய்வில், அசாசிட்டிடினையும் வைட்டமின் ஏயின் ஒரு வடிவமான ரெட்டினாயிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்துப் புற்றுச் செல்களை இந்தத் தூக்கத்துக்குள் தள்ளிவிட முடிந்தது. கொல்வதற்குப் பதில் தூங்க வைத்தல். இதுவரை படித்ததில், மறக்க வைப்பதைவிட இது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. மனிதர்களில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது இனிமேல்தான்.

போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். எலும்புக்கான ஊசி முடிந்து சாய்ந்து படுத்திருந்தார், வலி குறைந்திருந்தது, பேசுகிற மனநிலையில் இருந்தார். அன்றைக்குக் கேட்டீங்களே என்று ஆரம்பித்து, புள்ளி, நூல்கண்டு, தூக்கம் என்று என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். நடுவில் செல்போனில் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். குறி அழிந்த அந்தக் குடுவை, நான்காவது வாரம், பத்து மடங்கு லென்ஸ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு கதிரின் மேல் நகத்தை வைத்து, குரலைத் தாழ்த்தி, "இதுவாடா அது?" என்றார்.

"இல்ல சித்தி. இது நாயோடது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுக்காமல், இன்னொரு படம் இருக்கிறதா, ஓடு மாதிரி இருக்கும் என்றாயே அது எங்கே என்று தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார்.